பிழைப்பும் பித்தும்: சேகரிப்பாளர்கள் கேள்வி – பதில்

சேகரிப்பில் இறங்கியவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்கிறார்கள், அந்த வேலை சேகரிப்புக்கு எப்படி உதவுகிறது, எங்கே இடிக்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம்.

நான் குமாஸ்தா. ஓவியம் சேகரிப்பதெல்லாம் பரம்பரைப் பணக்காரர்கள் செய்கிற காரியம் என்கிறார்கள் நண்பர்கள். மாதச் சம்பளக்காரர் யாராவது பெரிய சேகரிப்பை உருவாக்கியிருக்கிறார்களா?

உருவாக்கியிருக்கிறார்கள். நியூயார்க்கில் வாழ்ந்த ஹெர்பர்ட் வோகல் தபால் பிரிக்கும் ஊழியர். இரவுப் பணி. அவர் மனைவி டோரதி புரூக்ளின் பொது நூலகத்தில் நூலகர். 1962-ல் திருமணம் செய்துகொண்டவர்கள், டோரதியின் சம்பளத்தில் குடும்பம் நடத்தினார்கள். ஹெர்பர்ட்டின் சம்பளம் ஓவியங்களுக்கு. வாங்குவதற்கு இரண்டே நிபந்தனைகள்: விலை கையில் இருக்கும் பணத்துக்குள் அடங்க வேண்டும், பொருள் வீட்டுக்குள் அடங்க வேண்டும். வீடு என்றால் ஒற்றைப் படுக்கையறை கொண்ட வாடகைக் குடியிருப்பு. சேர்ந்தவை 4,000-க்கும் மேல். 1992-ல் வாஷிங்டனில் உள்ள தேசிய ஓவியக் கூடத்துக்குக் கொடுப்பது என்று முடிவானது.

கவனிக்க வேண்டியது அவர்களுடைய முறை. அப்போது சந்தையில் மதிப்பில்லாத கலைஞர்களிடம் நேரே போய், சிறிய வரைபடங்களை, பல சமயம் தவணையில், வாங்கினார்கள். சேகரிப்பைப் பிழைப்புக்காக விற்கவில்லை. இரவு வேலை என்பதால் ஹெர்பர்ட்டுக்குப் பகல் கிடைத்தது. நிலையான சம்பளம், வாங்குவதில் கட்டுப்பாடு, பார்ப்பதற்கு நேரம் என்ற மூன்றும் இருந்தால் குமாஸ்தா வேலை ஒரு தடையே இல்லை.

மற்ற தொழில்களிலும் ஆட்கள் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அடித்தளமான சேகரிப்பைத் தந்த ஹான்ஸ் ஸ்லோன் மருத்துவர். புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த வாஷிங்டன் ரோப்ளிங் பொறியாளர். அவர் சேர்த்த சுமார் 16,000 கனிம மாதிரிகள் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. நாணயத்தின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் குறிக்கும் முறையை 1949-ல் வகுத்த வில்லியம் ஷெல்டன் ஓர் உளவியலாளர்.

சம்பளத்தில் சேகரிப்புக்கு ஒதுக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது? எல்லாவற்றுக்கும் பொருளே வாங்கிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் பொருளே வாங்குவதுதான் முதல் தவறு. எங்கள் கணக்கு இது: நூற்றில் 60 பொருளுக்கு, 20 பாதுகாப்புக்கு, 10 கேட்லாக் போன்ற நூல்களுக்கு, மீதி 10 கையிருப்பு. தபால் செலவு, காப்பீடு, ஏலக் கமிஷன் எல்லாம் அந்த 60-க்குள் வர வேண்டும். ஏலத்தில் கேட்கும் விலைக்கு மேல் வாங்குபவர் தரும் கமிஷன் ஒன்று உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காமல் விலை கேட்பவர்கள்தான் மாதக் கடைசியில் தவிக்கிறார்கள்.

பாதுகாப்புக்கு 20 எதற்கு என்று தோன்றலாம். நாணயம் வைக்கும் மலிவான நெகிழ் உறைகளில் பல பி.வி.சி.யால் ஆனவை. நாள்பட அதிலிருந்து மென்மையூட்டும் எண்ணெயும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கசியும். செப்பு நாணயத்தின் எழுத்து ஓரங்களில், முகத்தின் மூக்கடியில், பச்சையாகப் பிசுபிசுப்பு தெரிந்தால் அதுதான். துணியால் துடைத்தால் மேற்பரப்பில் கீறல் விழுந்து பாதி மதிப்பு போய்விடும். கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி நாணயத்தைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு வேறு கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒரு முறை அலசி, தேய்க்காமல் காற்றில் உலர விடுங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவம் வேண்டாம். அதில் எண்ணெயும் வாசனைப் பொருளும் கலந்திருக்கும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அருகில் நெருப்பு கூடாது. பிசுக்கு போகும். அமிலம் அரித்த குழி போகாது. பாலியெஸ்டர் உறையை முதலிலேயே வாங்கியிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

வேலையை விட்டுவிட்டுத் தபால்தலை வியாபாரத்தில் இறங்கலாமா? இருபது வருடச் சேகரிப்பு கையில் இருக்கிறது.

இப்போது வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே பார்ப்போம். இது உதாரணக் கணக்குதான். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

400 தலைகள் உள்ள ஆல்பம் ஒன்றை 100-க்கு வாங்குகிறீர்கள் என்று வைப்போம். எந்த நாட்டுப் பணமானாலும் சரி. தனியாக விற்கத் தகுந்தவை அதில் 40. ஒவ்வொன்றுக்கும் நீர்க்குறி பார்க்க வேண்டும், 2 சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்று அளவியில் வைத்து எண்ண வேண்டும், பின்பக்கம் பசை மாற்றியிருக்கிறார்களா என்று சோதிக்க வேண்டும், ஸ்கேன் செய்து விவரம் எழுத வேண்டும். இதற்கு 10 நிமிடம். விற்றபின் கட்டி அனுப்ப இன்னொரு 10. ஆக 40 தலைக்கு 800 நிமிடம், அதாவது 13 மணி நேரம் சொச்சம். ஆல்பத்தைத் தேடி வாங்கிப் பிரிக்க ஒரு 3 மணி நேரம் சேருங்கள். 180-க்கு விற்றீர்கள் என்றால் கமிஷன், உறை, அட்டை என்று 27 போய்விடும். கையில் 153. முதல் 100 போக மிச்சம் 53. பதினாறு மணி நேர உழைப்புக்கு 53. இன்றைய சம்பளத்தில் ஒரு மணிக்கு என்ன கிடைக்கிறது என்பதோடு இதை ஒப்பிடுங்கள். விற்காமல் தங்கும் 360 தலைகளில்தான் லாபம் ஒளிந்திருக்கிறது என்று தோன்றும். பெரும்பாலும் அவை இடத்தைத்தான் அடைக்கும்.

கேட்லாக் விலையைப் பார்த்துச் சொத்து மதிப்புப் போடுவதும் கூடாது. கேட்லாக்கில் இருப்பது நல்ல நிலையில் உள்ள ஒற்றைத் தலையைக் கடையில் வாங்கும்போது ஆகும் விலை. மொத்தமாக நீங்கள் விற்கப் போனால் அதில் ஒரு சிறு பகுதிதான் கிடைக்கும். மடிப்பு, காகித மெலிவு, ஓரத் துளைப் பற்களில் ஒன்று குறைவு என்று ஏதாவது இருந்தால் அதுவும் இல்லை.

அதற்காக ஆசையை மூட்டை கட்ட வேண்டாம். வேலையில் இருந்தபடியே பன்னிரண்டு மாதம் நடத்திப் பாருங்கள். உங்கள் சேகரிப்பையும் விற்பனைச் சரக்கையும் வேறு வேறு பெட்டியில், வேறு வேறு நோட்டில் வையுங்கள். சேகரிப்பிலிருந்து ஒரு தலை சரக்குக்குப் போனால் இரண்டிலும் தேதி போட்டுப் பதியுங்கள். வரி கட்டும்போது சொந்தச் சேகரிப்பை விற்றதற்கும் வியாபாரத்துக்கும் விதிகள் வேறாக இருக்கும் என்பதால் இது அவசியம். தொழில் தொடங்கியவர்களைக் கவிழ்க்கும் இன்னொன்று மனசு சார்ந்தது: நல்ல தலையைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு, மீந்ததை வாடிக்கையாளருக்குக் காட்டுவது. ஆறே மாதத்தில் வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். வியாபாரம் செய்யும் துறையில் சேகரிப்பை நிறுத்திவிட்டு, வேறொரு நாட்டுத் தலையையோ வேறொரு பொருளையோ சேர்ப்பதே சரி.

சேகரிப்பையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு நல்ல முன்னோடி இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ். பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து, ஒரே இனத்தில் உபரியானவற்றை லண்டனில் இருந்த முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ் மூலம் விற்றுத்தான் பயணச் செலவைச் சமாளித்தார். 1852-ல் அமேசானிலிருந்து திரும்பும் வழியில் அவர் வந்த ஹெலன் என்ற கப்பல் தீப்பிடித்து, கூடவே கொண்டுவந்த சேகரிப்பு அழிந்தது. ஸ்டீவன்ஸ் முன்கூட்டியே 200 பவுண்டுக்குக் காப்பீடு செய்திருந்ததால் ஊர் வந்ததும் பிழைத்துக்கொண்டார். உபரியை மட்டும் விற்பது, விற்பதை வேறொருவரிடம் விடுவது, வழியில் இருக்கும் சரக்குக்குக் காப்பீடு. மூன்றும் இன்றைக்கும் பொருந்தும்.

நான் எலெக்ட்ரீஷியன். பழைய வால்வு ரேடியோ சேகரிப்பவர்கள் பழுது பார்க்கக் கேட்கிறார்கள். இதைப் பகுதிநேரத் தொழிலாகச் செய்யலாமா? எதில் ஜாக்கிரதை?

தாராளமாகச் செய்யலாம். சேகரிப்பைச் சுற்றியிருக்கும் பிழைப்புகளில் இது நிலையானது. ஆனால் வீட்டு வயரிங் பழக்கத்தோடு இதைத் தொடாதீர்கள்.

பல வருடம் கிடந்த செட்டை நேரே பிளக்கில் சொருகக் கூடாது. 60 வாட் இழை பல்பைத் தொடரில் போட்டுக் கொடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட், உடனே பிடுங்குங்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. வகைச் செட்டில் மெயின்ஸின் ஒரு முனை நேரே சேஸிஸில், அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தில், இணைந்திருக்கும். மெயின்ஸோடு நேரடி இணைப்பைப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். செட்டை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 250 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். காப்பிட்ட கம்பியில் 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்தபின் கை வையுங்கள்.

முதலில் மாற்ற வேண்டியது, அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (வால்வைக் கட்டுப்படுத்தும் முனை) போகும் மெழுகுக் காகிதக் கண்டென்சர். பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். இது லேசாகக் கசிந்தாலே முந்தைய வால்வின் உயர் மின்னழுத்தம் கிரிட்டில் ஏறும். வால்வு அளவுக்கு மேல் கரண்ட் இழுத்துச் சூடாகும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகும். கிடைக்காத டிரான்ஸ்பார்மர் ஒன்று சின்னக் கண்டென்சருக்காகப் போவதைப் பார்க்கப் பொறுக்காது. கிரிட்டில் மீட்டர் வைத்துப் பாருங்கள். சுழியமோ சற்று நெகட்டிவோ இருந்தால் சரி. இரண்டு வோல்ட் பாசிட்டிவ் காட்டினாலும் கோளாறுதான். கண்டென்சரின் ஒரு காலைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் பாசிட்டிவ் நின்றால் குற்றவாளி வால்வு. மாற்றுக்கு அதே அளவில் 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் போடுங்கள். ஃபில்டர் கண்டென்சருக்கு 450 வோல்ட் வகை. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் வால்வு ரெக்டிஃபையர் உள்ள செட்டில் முதல் ஃபில்டரின் அளவை இஷ்டத்துக்குக் கூட்டினால் ரெக்டிஃபையர் போகும். மெயின்ஸின் குறுக்கே வருவதற்கு எக்ஸ்2, மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போவதற்கு ஒய்2 என்று பாதுகாப்பு முத்திரை உள்ளவற்றை மட்டுமே போட வேண்டும்.

சாதாரண வாடிக்கையாளருக்கும் சேகரிப்பாளருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் உறையில் போட்டு, எதற்குப் பதில் எது போட்டீர்கள் என்று எழுதி, செட்டின் உள்ளேயே வைத்துக் கொடுங்கள். சிலர் பழைய கண்டென்சரின் கூட்டைக் காலி செய்து புதியதை உள்ளே ஒளித்து வைக்கச் சொல்வார்கள். நேரம் பிடிக்கும் வேலை. தனிக் கூலி கேளுங்கள். ரேடியோவின் மரப்பெட்டிக்குப் புதிதாகப் பாலிஷ் அடித்துக் கொடுக்கிறேன் என்று நீங்களாக முன்வர வேண்டாம். பழைய பூச்சை இழந்த செட்டைச் சேகரிப்பாளர் மதிக்கமாட்டார். ஒரு செட்டுக்கு ஆறிலிருந்து பத்து மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, சோதித்துச் சொல்வதற்கே ஒரு கட்டணம் வாங்குங்கள்.

அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தால் சேகரிப்பு வளரும் அல்லவா?

குறையத்தான் செய்யும். சர்வதேச அருங்காட்சியக மன்றம் 1986 முதல் வைத்திருக்கும் நெறிமுறையின்படி, ஊழியர் தன் நிறுவனத்தோடு போட்டி போட்டுப் பொருள் வாங்கக் கூடாது. சொந்தமாகச் சேகரிப்பதாக இருந்தால் நிர்வாகத்தோடு அதுபற்றி உடன்பாடு வேண்டும். நாணயப் பிரிவில் சேர்ந்தால் நாணயச் சேகரிப்பை அதே நாளில் எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

நான் தச்சர். ஒருவருக்குச் சோழி, சங்கு வைக்க ஓக் மரத்தில் இழுப்பறைகள் கொண்ட அலமாரி செய்து கொடுத்தேன். இரண்டு வருடத்தில் சங்குகளில் வெள்ளைப் பொடி பூத்து, புளிப்பு வாடை வருகிறதாம். பூஞ்சையா? பழி என் மேல் விழுகிறது.

பூஞ்சை இல்லை. பழி உங்கள் மரத்தின் மேல்தான். இதற்குப் பைன் நோய் என்று பெயர். பைன் என்பவர் இதை விவரித்தபோது கிருமியால் வருவதாக நினைத்தார். உண்மையில் மரத்திலிருந்து வரும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகள், மூடிய இழுப்பறைக்குள் ஈரப்பதத்தோடு சேர்ந்து, சங்கின் கால்சியம் கார்பனேட்டை உப்பாக மாற்றுகின்றன. அந்த உப்புதான் வெள்ளைப் பொடி, அமிலம்தான் புளிப்பு வாடை. ஓக் மிக மோசம். பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திய பலகை) இரண்டும் பசையினாலும் கெடுதல். மற்ற மரங்களும் கூடக்குறைய அமிலம் விடுகின்றன.

சங்குகளை உடனே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மறுபடி ஊறவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே வைக்க வேண்டும். அரித்துப் போன பளபளப்பு திரும்ப வராது. அதே அலமாரிக்குத் திரும்பினால் நோயும் திரும்பும். வார்னிஷ் அடித்தால் ஆவி வருவது குறையும், நிற்காது. தடுப்பதற்கு இழுப்பறையின் உட்புறம் முழுக்க, மூலைகளும் சேர்த்து, அலுமினியத் தகடு ஒட்டிய தடுப்புப் படலம் போட வேண்டும். புதிதாகச் செய்வதென்றால் உள்ளே பவுடர் கோட்டிங் செய்த எஃகு இழுப்பறை, வெளிக்கூடு மட்டும் மரம் என்று செய்யுங்கள். உங்கள் கைத்திறனும் தெரியும், சங்கும் பிழைக்கும்.

ஈயப் பொம்மைகள், பறவை முட்டை ஓடுகள் ஆகியவற்றுக்கும் இதே கதி. ஈயத்தின் மேல் வரும் வெள்ளைப் பொடி விஷம். உலர்ந்த தூரிகையால் தட்டக் கூடாது. வெள்ளிக்கு எதிரி வேறு: கம்பளி ஃபெல்ட்டும் ரப்பரும். அவற்றில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

புதுப் பலகையைச் சோதிக்க, பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஒடி 1973-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. மூடிய கண்ணாடிக் குழாயில் மரத்துண்டு, சிறிது நீர், பளபளப்பாக்கிய வெள்ளி, ஈயம், செம்புத் துண்டுகள். 60 டிகிரி செல்சியஸில் 28 நாள். ஒப்பிடுவதற்குப் பக்கத்தில் மரத்துண்டு இல்லாத இன்னொரு குழாய். பட்டறையில் அந்தச் சூட்டை ஒரு மாதம் பிடிப்பது கடினம். உலோகத்தில் ஈயத் துண்டை மட்டும் வைத்து, ஒன்றில் மரத்தோடும் மற்றதில் மரம் இல்லாமலும் இரண்டு பாட்டில்களை வெறுமனே மூடி மாதக்கணக்கில் விட்டுப் பார்த்தாலும், மோசமான மரம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கப்பலில் வேலை. துறைமுகத்துக்குத் துறைமுகம் சங்கு, பவளம் வாங்குகிறேன். பிரச்சினை வருமா?

வரும். அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கை 1975 முதல் நடப்பில் இருக்கிறது. கடலாமை ஓட்டை அறவே தொடாதீர்கள். கல் பவளம், ராட்சதச் சிப்பி, ராணிச் சங்கு, நாட்டிலஸ் ஆகியவற்றுக்கு ஏற்றுமதி அனுமதி தேவைப்படும். கடையில் ரசீது கொடுத்தார்கள் என்பது அனுமதி ஆகாது. உங்கள் வேலைக்குப் பொருத்தமானது புழக்கத்தில் உள்ள பணத்தாள்கள். தட்டையானவை, எடை இல்லை, கேபினில் அடங்கும். பாலியெஸ்டர் உறையில் போட்டு, மூடி இறுகிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கிழிந்த தாளுக்கு ஒட்டு டேப் போடாதீர்கள். டேப்பின் பசை காகிதத்துக்குள் இறங்கிவிட்டால் எடுக்க முடியாது.

வேலை போய்விட்டது. சேகரிப்பை விற்றுத்தான் ஆக வேண்டும். எங்கே தொடங்குவது?

வருத்தமான நிலைமைதான். ஆனால் அவசரத்தைக் காட்டினால் விலை விழும். இன்றே பட்டியல் எழுதுங்கள்: பொருள், நிலை, வாங்கிய தேதி, கொடுத்த விலை, வைத்திருக்கும் இடம், இரண்டு பக்கமும் புகைப்படம். எதையும் சுத்தம் செய்யாதீர்கள், மெருகேற்றாதீர்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். மதிப்பிடுபவரே அங்கேயே விலை பேசினால் அந்த மதிப்பீட்டை நம்ப வேண்டாம்.

முதலில் போக வேண்டியவை உபரிகள். பிறகு, உங்கள் முக்கியத் தொகுப்போடு சேராத தனிப் பொருட்கள். தொகுப்பில் உள்ள மிகச் சிறந்த ஐந்தாறு துண்டுகளை மட்டும் கேட்டு, ரொக்கத்தை உடனே காட்டுவார்கள். அவற்றைக் கொடுத்துவிட்டால் மீதியை எடுக்க ஆள் வராது, ஏல நிறுவனமும் தயங்கும். கொடுப்பதானால் தொகுப்பு முழுவதற்கும் விலை கேளுங்கள். ஏலத்துக்கு விட்டால் பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். ஒப்பந்தத்தில் விற்பவர் கமிஷன், படம் எடுக்கும் கட்டணம், விற்காமல் திரும்பினால் ஆகும் செலவு, குறைந்தபட்ச விலை ஆகிய நான்கும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கேட்லாக்குகளையும் அளவிகளையும் கடைசிவரை விற்காதீர்கள். பெரிய விலை போகாது. வேலை கிடைத்ததும் முதலில் தேடப்போவது அவற்றைத்தான்.